கண்ணாடியின் பவர்

கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. பரிசோதகி சிறுமியின் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலே முக்கால்.

மடியில் ஃபைலை விரித்தாள். ஆறு மாதத்துக்கு ஒன்றாக மூன்று வருகை. மூன்றிலும் மைனஸ் இரண்டு. மூன்றிலும் ஒரே வரி: சொட்டு மருந்து விட்டுப் பார்த்தது, கிட்டப்பார்வை கூடவில்லை. கீழே டாக்டரின் கையெழுத்து.

"போன தடவ மருந்து விட்டப்ப ரொம்ப எரிஞ்சதா?"

"எந்த மருந்து?" என்றாள் சிறுமியின் அம்மா. "கண்ணாடியக் கழட்டி உள்ள எடுத்துட்டுப் போவாங்க. அஞ்சு நிமிஷத்துல திருப்பிக் குடுத்து, எல்லாம் அப்படியே இருக்குன்னு சொல்லுவாங்க."

பரிசோதகி சிறுமியின் கண்ணாடியை அளவுக் கருவியில் வைத்தாள். மைனஸ் இரண்டு. கண்ணை அளக்கவே இல்லை. கண்ணாடியை அளந்து எழுதியிருக்கிறார்கள்.

"அப்படியே இல்லக்கா. ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு."

அம்மா மகளைப் பார்த்தாள். "ஸ்கூல்ல இவ பேரு மோப்பம். புத்தகத்துல மூக்க வச்சுத்தான் படிப்பா. போர்டப் பாத்து எழுத மாட்டேங்கறான்னு டீச்சர் சொன்னாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு, உனக்குக் கொழுப்புன்னு அடிச்சேன்."

"ரெண்டு தடவ," என்றாள் சிறுமி.

பவர் கூடுவதை மட்டுப்படுத்தப் பெரிய மருத்துவமனையில் வேறொரு மருந்து தருகிறார்கள். வேகமாகக் கூடுவதாகப் பதிவு இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். பரிசோதகி ஃபைலோடு டாக்டரின் அறைக்குள் போனாள்.

டாக்டர் எண்ணைப் பார்த்தார். "இன்னைக்கு ரெண்டரைன்னு எழுது. அடுத்த தடவ மூணே கால். படிப்படியா ஏத்திக்கலாம். ஒரேடியாக் குதிச்சா அங்க கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

"நீ வந்து மூணு வாரம். ஒரு நாளைக்கு எண்பது பேரு. அத்தனை பேருக்கும் மருந்து விட்டு உக்கார வச்சா விடிஞ்சிரும்."

"விடலன்னு எழுதியிருக்கலாமே."

"சொன்னத எழுது. இல்லன்னா நாளைக்கு வராத."

அவர் மேஜை மேலேயே வைத்து எழுதினாள். மைனஸ் நாலே முக்கால். அதன் கீழே: முந்தைய மூன்றும் கண்ணாடியின் பவர், மருந்து விடவில்லை என்கிறார் தாய். கையெழுத்துப் போட்டாள். பழைய வரிகளை அடிக்கவில்லை. அவை தெரிய வேண்டும்.

வெளியே வந்து ஃபைலை அம்மாவிடம் நீட்டினாள். எந்த வரி, எந்தத் தேதி என்று விரல் வைத்துக் காட்டினாள். "பெரிய மருத்துவமனையில, குழந்தைங்க கண் பிரிவுல இதக் குடுங்க. பழைய பக்கத்தோட."

அம்மா வாங்கிக்கொண்டாள். "நீயும் இங்கதானம்மா சம்பளம் வாங்கற?"



காத்திருப்பு அறையில் இருபது பேர் இருந்தார்கள். அம்மா நேராக முதல் நாற்காலிக்குப் போனாள். கண்ணாடி போட்ட மகனை மடியில் வைத்திருந்தவரிடம் பக்கத்தை விரித்தாள்.

"இந்த வரி உங்க ஃபைல்ல இருக்கா பாருங்க."

டாக்டர் கதவைத் திறந்தார். "இங்க சத்தம் போடக் கூடாதும்மா."

"நான் எங்க சத்தம் போட்டேன்? படிக்கத்தான் சொல்றேன்."

அந்த அப்பா தன் மகனின் ஃபைலில் பக்கங்களைத் திருப்பினார். ஓரிடத்தில் நிறுத்தினார். "மருந்து விட்டதா எழுதியிருக்கு," என்றார். "விடலயே."

அடுத்த நாற்காலியில் இருந்தவள், யாரும் கேட்காமலே தன் ஃபைலைத் திறந்தாள்.