பின்னறையில் பன்னிரண்டு கேன்

ஸ்டோர்ஸ் அக்கா என்றால் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பேரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாக ஸ்டோர் கீப்பர். சீட்டில் கையெழுத்து இல்லாமல் முதலாளியே வந்து நின்றாலும் ஒரு வாஷரைக்கூட எடுத்துத் தரமாட்டாள் என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கு அது கேலியாகப் பட்டதில்லை. மனதுக்குள் அதை ஒரு நற்சான்றிதழ் போல வைத்திருந்தாள்.

அந்த வருடம் ஆர்டர் குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முப்பத்தோரு பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிறவர்களிடமிருந்து ஹெல்மெட், பூட்ஸ், லாக்கர் சாவி எல்லாவற்றையும் திருப்பி வாங்கி வைப்பது அவள் வேலை. மில்லிங் மெஷினில் இருபது வருடம் நின்ற ஒருவர், பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றுச் செருப்பு கொண்டுவராததால் வெறுங்காலோடு கேட்டைத் தாண்டிப் போனார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதமே, ஸ்டீல் யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவனுக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை மூன்று நாளாகச் சுருங்கியது.

அவள் பின்னறையை ஒழிக்க ஆரம்பித்தாள். பழைய மெத்தையும் ஓடாத சைக்கிளும் வெளியே போயின; இரண்டு இரும்பு ஷெல்ஃப் உள்ளே வந்தன. அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய் என்று சேர்த்தாள். அப்புறம் காய்ச்சல் மாத்திரை, கட்டுத்துணி, டார்ச், பேட்டரி. வீட்டுப் பத்திரத்துக்கும் மகளின் பள்ளிச் சான்றிதழுக்கும் நகலெடுத்துத் தண்ணீர் புகாத உறையில் போட்டாள். எதையும் மொத்தமாக வாங்கமாட்டாள். மொத்தமாக வாங்கினால் அக்கம்பக்கம் கவனிக்கும். புதிதாக வந்தது பின்வரிசைக்குப் போக வேண்டும்; பழையதைத்தான் முதலில் எடுத்துச் சமைக்க வேண்டும். கம்பெனியில் செய்ததையேதான் வீட்டிலும் செய்தாள். கீழ்த்தட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் பன்னிரண்டு, மூடி பிரிக்காமல் நின்றன. அவற்றின் மேல் ஒரு பழைய போர்வை. அறைக்கு ஒரு பூட்டு.

"பூட்டு எதுக்கு? உள்ள என்ன புதையலா இருக்கு?" என்றான் கணவன்.

"இருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு வாசல்ல வரிசை நிக்கும். நீங்களும் யார்கிட்டயும் வாய விட்றாதீங்க."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒன்பது வயதில், அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம், அம்மா அவள் கையில் ஒரு காலி டின்னைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். அந்த வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்து, "மாவு இல்லையே கண்ணு" என்றாள். உள்ளே அடுப்பில் ரொட்டி வேகும் வாசனை வந்தது. காலி டின்னோடு திரும்பி நடந்த அந்தப் பத்தடி தூரத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன் மகள் அப்படி ஒரு வாசலில் போய் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் நினைத்தது.

மழைக்காலத்தின் கடைசியில் ஆறு கரையை உடைத்தது. தண்ணீர் ஏற்றும் நிலையம் முழுகியது. பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிடங்கும் முழுகியதால், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்கக் கூடாது என்று காலையிலேயே தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி சொல்லிக்கொண்டு போனது. பாலம் மூடியதால் லாரியும் வராது. பள்ளிக்கும் அவள் கம்பெனிக்கும் லீவு விட்டிருந்தார்கள். கடைகளில் இருந்த பாட்டில் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் துடைத்துவைத்த மாதிரி காலியானது.

ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நேர் மேலே, இரண்டாவது மாடியில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிற பெண். கட்டடத்தில் அவளுக்குப் பெயரே மாடித் தையல். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, கையில் ஒரு காலி பாட்டில்.

"அக்கா, ஒரே ஒரு பாட்டில் தண்ணி இருக்குமா? பாப்பாவுக்குப் பால் பவுடர் கரைக்கணும். அவரு தண்ணி தேடித்தான் போயிருக்காரு. வந்ததும் திருப்பிக் குடுத்துடறேன்."

ஸ்டோர்ஸ் அக்கா அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். இந்த ஒன்றைக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் ஒன்பது வீடும் வந்து நிற்கும் என்று தோன்றியது. யோசித்து முடிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

"அய்யய்யோ, எங்க வீட்லயும் இல்லம்மா. நேத்தே தீந்துபோச்சு. யாரைப் போய்க் கேக்கறதுன்னு நானே முழிச்சிட்டிருக்கேன்."

அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. அதையும் சேர்த்துத்தான் சொன்னாள், வாய் கூசாமல்.

"அச்சச்சோ, உங்களுக்கும் இல்லையா?" மாடித் தையல் அவள் கையைத் தொட்டாள். "கவலப்படாதீங்க. எங்கயாவது கிடைக்காமலா போயிடும்?" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், மகள் பாதி சீவிய தலையோடு நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வயது.

"அம்மா, யாராவது என்னைக் கேட்டா நானும் அப்படித்தான் சொல்லணுமா?"

"போய்த் தலைய ஒழுங்கா வாரு."

மேலே குழந்தை அழ ஆரம்பித்தது. கொஞ்சம் அடங்கும், திரும்ப ஆரம்பிக்கும். ஸ்டோர்ஸ் அக்கா ரேடியோவைப் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடியும் கதவு தட்டப்பட்டது. மாடித் தையலின் புருஷன், கொத்தனார். இரண்டு கையிலும் இரண்டு பத்து லிட்டர் கேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சரக்கு ரயில் நிற்கும் இடத்தில் ஒரு ஆழ்துளைக் கிணறு இருக்கிறதாம். போக வர எட்டு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் வரிசை.

ஒரு கேனை அவள் வாசலில் வைத்தார். "இது உங்களுக்குக்கா. உங்க வீட்லயும் ஒரு சொட்டு இல்லைன்னு சொன்னாளே. சின்னப் பொண்ணு வேற இருக்கு."

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "வேணாம் தம்பி. உங்களுக்குக் குழந்தை இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"நம்மகிட்ட என்னக்கா கூச்சம்? நாளைக்கும் போகத்தான் போறேன். ரெண்டு கையி இருக்கு, ரெண்டு வீட்டுக்கு ஆச்சு." சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டார்.

அந்தக் கேனை அவள் உள்ளே எடுத்துவைத்தாள். எடுக்காமல் இருக்க என்ன சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் கணவன் வந்து அதைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"போய் உண்மையச் சொல்லிடு."

"என்னன்னு சொல்றது? காலைல பொய் சொன்னேன், இப்ப தண்ணி வந்துடுச்சுன்னா? நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

அவன் மாடிப்படி வரைக்கும் போனான். செருப்பைப் போட்டான், கழற்றினான். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல், கொத்தனாரோடு அவனும் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மகளும் கூடப் போனாள். பூட்டிய அறைக்குள் இருநூற்று நாற்பது லிட்டர் தண்ணீரை வைத்துவிட்டு, அவள் குடும்பம் வரிசையில் நிற்கப் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மத்தியானம் திரும்பி வந்த கணவன் அவளைப் பார்த்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"எங்களோட நிறுத்திட்டாங்க. மோட்டார் சூடாயிடுச்சாம். எங்களுக்குப் பின்னாடி நின்ன ஆறு பேரு காலிக் குடத்தோட போனாங்க. அதுல ஒருத்தரு ஊன்றுகோல் வெச்சிருந்தாரு. அவரு பங்குதான் இப்ப என் கையில இருக்கு."

அப்போதாவது அவள் பூட்டைத் திறந்திருக்கலாம். சாவியை எடுத்துக்கொண்டு அறைக்கதவு வரைக்கும் போனாள். இப்போது திறந்தால், நேற்றும் இருந்தது என்று கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். கம்பெனியில் ஒரு நட்டு குறைந்தாலும் தொழிலாளியைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறவள் அவள். பொய்க்காரி என்ற பெயரோடு படியேறி இறங்க முடியுமா என்று யோசித்தாள். சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

மூன்றாம் நாள் கணவன் வேலைக்குப் போயிருந்தான். கொத்தனார் தனியாகப் போனார். ஒரு மணி இருக்கும், படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. அவள் ஓடினாள். மழை ஈரத்தில் வழுக்கி, படி திரும்பும் இடத்தில் அவர் விழுந்துகிடந்தார். ஒரு கேன் உடைந்து தண்ணீர் படிப்படியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கொத்துக்கரண்டி பிடிக்கிற கை.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "உங்க கேன்தான்க்கா கொட்டிடுச்சு. மன்னிச்சுக்குங்க. எங்களுதுல பாதி எடுத்துக்கிடுங்க."

ஆஸ்பத்திரிக்கு அவள்தான் அழைத்துப் போனாள். மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். திரும்பி வந்ததும் மாத்திரை போட்டு அவர் தூங்கிவிட்டார். ஸ்டோர்ஸ் அக்கா அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எங்க வீட்ல தண்ணி இருக்கும்மா."

"வந்துடுச்சாக்கா குழாய்ல?"

"இல்ல. மொதல்லேர்ந்தே இருந்துச்சு. பன்னெண்டு கேன்."

மாடித் தையல் கையிலிருந்த துணியை மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்தாள்.

"நான் பாட்டில் எடுத்துட்டு வந்தப்பவா?"

"ஆமா."

"அன்னிக்கு அவரு வர்ற வரைக்கும் அஞ்சு மணி நேரம் பாப்பா அழுதுச்சு. கீழ கேட்டிருக்குமே."

"கேட்டுச்சு" என்றாள் ஸ்டோர்ஸ் அக்கா. ரேடியோவைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். மாடித் தையல் தூங்கும் புருஷனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எடுத்துட்டு வாங்க. எனக்கு மட்டுமில்ல, எல்லா வீட்டுக்கும்."

"கொண்டு வரேன். தம்பி எழுந்ததும் அவரு கால்ல விழுந்து நானே சொல்லிடறேன்."

"சொல்லக் கூடாது." வெடுக்கென்று வந்தது. "உங்களக் காப்பாத்தறதுக்காகச் சொல்லல. இது தெரிஞ்சா, அடுத்த தடவ யாருக்காவது தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பாரு. அவரு அப்படி யோசிக்கிற ஆளா மாற வேணாம். உங்க கம்பெனி குடோன்லேர்ந்து குடுத்தாங்கன்னு நான் சொல்லிக்கறேன்."

ஸ்டோர்ஸ் அக்கா கேன்களை ஒவ்வொன்றாக இழுத்துவந்து எல்லா வாசலிலும் வைத்தாள். மகள் பின்னால் நின்று தள்ளினாள். "கம்பெனியில கேட்டு வாங்கிட்டு வந்தாங்களாம்" என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே மாடி ஏறிவிட்டது. கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் நன்றி சொன்னார்கள். மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் கையை உருவிக்கொண்டு கூனிக் குறுகிக் கீழே இறங்கினாள்.

ஆறாம் நாள் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. கொத்தனாருக்கு வேலை இல்லாத அந்த ஆறு வாரமும் பின்னறை ஷெல்ஃபிலிருந்து அரிசியும் பருப்பும் எண்ணெயும் மேலே போயின. அதற்கும் கம்பெனியின் பெயர்தான். மாடித் தையல் கதவைத் திறப்பாள், பையை வாங்குவாள், கதவைச் சாத்துவாள். உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் வரும்: "நல்ல கம்பெனிக்கா உங்களோடது. இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வாங்க?" வெறுங்காலோடு கேட்டைத் தாண்டியவரின் முதுகு அவளுக்கு நினைவுக்கு வரும். "ஆமா தம்பி" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி நிறுத்தும் இடத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் கூடினார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் என்ன செய்வது என்று பேச்சு. படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற வெற்று அறையில் பொதுவாகத் தண்ணீரும் மருந்தும் உணவுச் சாமானும் வைக்கலாம் என்று முடிவானது. கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு கொத்தனார் எழுந்தார்.

"இதப் பாத்துக்கறதுக்கு ஸ்டோர்ஸ் அக்காவ விட்டா யாரு? அன்னிக்குத் தன் வீட்லயே ஒரு சொட்டு இல்லாதப்ப, கம்பெனியில கெஞ்சிக் கூத்தாடி எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் எழுந்து, "என்னால முடியாது. அந்தத் தகுதி எனக்கு இல்ல" என்றாள்.

"பாத்தீங்களா, என்னா ஒரு அடக்கம்!" என்றார் கொத்தனார். கைதட்டல் கூடியது. கணவன் தலை குனிந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமான் கணக்க அவங்களே பாக்கட்டும்" என்றாள் மாடித் தையல், குழந்தைக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "சாவி என்கிட்ட இருக்கட்டும்."

யாருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. அப்படியே முடிவானது.

கட்டுப் பிரித்த மறுவாரம் கொத்தனார் அந்த அறைக்குப் பூச்சு வேலை ஆரம்பித்தார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. நாலு இழுப்புக்கு ஒரு தடவை கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை உதறுவார். ஸ்டோர்ஸ் அக்கா கலவைச் சட்டியை ஏந்திப் பக்கத்தில் நின்றாள்.

"சட்டிய கீழ வைங்கக்கா, கை வலிக்கப் போகுது" என்றார் அவர்.

"பரவால்ல தம்பி. நீங்க பூசுங்க" என்றாள்.