ஊர்க் கடுதாசி

குப்பத்துக்குள் யார் வேண்டுமானாலும் வாய் கிழியப் பேசலாம். ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் ஊர் மட்டும்தான் பேசும். வலை அறுந்த தகராறானாலும் சரி, கலெக்டருக்கு மனுவானாலும் சரி, பஞ்சாயத்து கூடும், கலியபெருமாள் எழுதுவார், ஊர்த்தலைவர் கையெழுத்துப் போடுவார், ஊர் முத்திரை விழும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். தன் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று கலெக்டர் ஆபீசில் ஒருவர் என்றைக்கோ சொன்னதை அவர் இன்னும் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார். அந்தக் கர்வம் அவரோடு போயிருந்தால் பரவாயில்லை. கூடப்பிறந்த அக்காவின் பிழைப்பில் அல்லவா போய் விழுந்தது!

அக்கா பெயர் தனக்கோடி. முதுநகரில் ரயில்வே கேட்டை ஒட்டிய தெருவில் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை மீன் விற்பாள். புருஷன் போன மறுவருஷம் உட்கார்ந்த இடம், பத்தொன்பது வருஷமாயிற்று. முழங்கால் தேய்ந்துவிட்டது, கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைய முடியாது. ஓரிடத்தில் உட்கார்ந்தால்தான் சோறு. அவளைப் போல இன்னும் முப்பது பெண்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள்.

போன தை மாதம் மாநகராட்சி, தெரு வியாபாரத்துக்கு ஒரு துணைவிதியின் வரைவை வெளியிட்டது. அந்தத் தெருவில் இனி மீன் விற்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. குப்பத்து மகளிர் குழுவை நடத்தும் மோகனப்பிரியா அந்த அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஆட்சேபணை, யோசனை எதுவானாலும் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம், யாரும் கொடுக்கலாம், பெயரும் விலாசமும் கையெழுத்தும் இருந்தால் போதும் என்று அடியில் போட்டிருந்தது. அவள் வீடுவீடாக ஏறி இறங்கினாள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதி ரேகை வாங்கினாள். முப்பத்தொரு கடுதாசி சேர்ந்தது.

ஊர் வழக்கத்தை மீறி அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட முடியுமா? ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கலியபெருமாள் கையில் கொடுத்தாள்.

"மாமா, எல்லாத்தையும் தனித்தனியா குடுங்க. ஒவ்வொண்ணுக்கும் சீல் வாங்கிக்குங்க. ஆளுக்கு ஒண்ணுன்னாதான் கணக்குல எடுத்துக்குவாங்க."

கலியபெருமாள் தலையை ஆட்டினார். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் பையைப் பிரித்தார். மேலே இருந்த கடுதாசியில் ஒருத்தி தன் வீட்டுக்காரன் குடிக்கிறதை எழுதியிருந்தாள். அடுத்ததில் கோடு கோணலாக ரேகை. இதையெல்லாம் ஆபீசர் முன்னால் வைத்தால் ஊர் மானம் என்னாவது? மூன்றாவதை அவர் தொடவே இல்லை. நல்ல தாளாக ஒன்றை எடுத்து, காலங்காலமாக மீன் விற்று வரும் எங்கள் குல மகளிர் என்று தொடங்கி, ஒரு பக்கத்துக்குக் கம்பீரமாக எழுதினார். தலைவர் கையெழுத்துப் போட்டார், முத்திரை விழுந்தது, அந்த ஒரே தாள் மாநகராட்சிக்குப் போயிற்று. மஞ்சள் பை பீரோவுக்குள் போயிற்று. கொடுத்தாச்சா என்று மோகனப்பிரியா கேட்டபோது, "குடுத்தாச்சு குடுத்தாச்சு" என்றார். பொய்யில்லைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மாநகராட்சி நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அவரும் தலைவரும் மட்டும் போனார்கள். ஊர் போகும்போது பெண்கள் எதற்கு? அதிகாரி திருநாவுக்கரசு வந்த கடுதாசிகளைப் படித்தார். அந்தத் தெருக்காரர்கள் தனித்தனியாக எண்பத்து நாலு பேர் எழுதியிருந்தார்கள். மீன் தண்ணீர் தேங்குகிறது, நாற்றம் ஜாஸ்தி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். குப்பத்திலிருந்து வந்தது ஒன்றே ஒன்று.

"ஐயா, அது ஒரு ஆளு எழுதுனது இல்ல, ஊரே எழுதுனது," என்றார் கலியபெருமாள்.

ஒரு கையெழுத்தைத் தன்னால் ஒன்று என்றுதான் எழுத முடியும் என்றார் அதிகாரி. கெட்ட மனுஷர் இல்லை. தெருக்காரர்கள் சொல்வது நியாயம்தானே, அந்தத் தண்ணீருக்கு உங்கள் பெண்கள் என்ன செய்வார்கள் என்று பொறுமையாகவே கேட்டார். அக்கா வியாபாரம் பண்ணுகிற இடத்தில் கலியபெருமாள் ஒருநாளாவது கால்மணி நேரம் நின்றிருந்தால்தானே தெரியும்?

சித்திரையில் விதி வந்துவிட்டது. முப்பத்தொரு பேரும் அந்தத் தெருவை விட்டு எழுந்தார்கள்.

அன்றைக்குத்தான் அவர் பீரோவைத் திறந்தார். மூன்றாவது கடுதாசி அக்காவுடையது. 'நாங்க ஒம்போது மணிக்கு எழுந்துடுறோம். மீன் தண்ணிய டப்பாவுல புடிச்சு எடுத்துட்டுப் போயிடுறோம். கேட்டுப் பக்கத்துல பைப்பு இருக்கு. முறை வச்சு ரெண்டு ரெண்டு பேரா தெருவக் கழுவி உட்டுடுறோம். கழுவலைன்னா எங்கள எழுப்பி உடுங்க.' கீழே கோணல்மாணலாகக் கையெழுத்து. இன்னும் பதினோரு கடுதாசிகளில் இதே பேச்சு இருந்தது. பெண்கள் தங்களுக்குள் பேசி முடித்தே வைத்திருக்கிறார்கள். பாழாய்ப்போன கை, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டது.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதிகாரி அக்காவின் கடுதாசியை இரண்டு தரம் படித்தார்.

"இது அப்பவே வந்திருந்தா, கழுவணும்கிறதையே நிபந்தனையா போட்டு அவங்கள விக்க விட்டிருக்கலாம். இனிமே அடுத்த வருஷம் திருத்தம் வர்றப்பதான்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தெரு போன கையோடு காலனிப் பக்கம் கூடை தூக்க ஆரம்பித்திருந்தாள்.

"படிச்சியாடா?"

"அப்பப் படிக்கலக்கா."

தனக்கோடி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர் அன்றைக்கு இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார்.

இந்தத் தையில் திருத்த வரைவு வந்தது. கலியபெருமாள் பத்து வெள்ளைத் தாளோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். இந்தத் தடவை தனித்தனியாகவே கொடுத்துவிடுகிறேன், ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையில் தானே எழுதிய கடுதாசியை முடிந்துகொண்டு, காலை இழுத்து இழுத்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். மனசு கேட்காமல் அவரும் அதே பஸ்ஸில் பின்பக்கமாக ஏறினார்.

மாநகராட்சி அலுவலகத்தில் அவள் கடுதாசியைக் கொடுத்து, சீல் குத்திய நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாற்காலியில் இருந்த பெண், வாசலில் தயங்கி நின்றவரைப் பார்த்து, அவர் உங்களோடு வந்தவரா என்று கேட்டாள்.

தனக்கோடி திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"இல்லம்மா, நான் தனியாத்தான் வந்தேன்."