அருணின் செல்கள்

சுகுணா கோத்தகிரியில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் அருண்பிரசாத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எஸ்டேட் ஃபேக்டரியில் இலை மூட்டை சுமந்தவனால் இப்போது பத்துப் படி ஏற முடியாது. பாதங்கள் வீங்கியிருந்தன.

இதயத் தசையின் செல்கள் பழுதான புரதங்களை எப்படி உடைத்து அகற்றுகின்றன என்பதுதான் பெங்களூரில் பதினோரு வருடமாக அவள் செய்துவரும் ஆராய்ச்சி. அண்ணனின் இதயத்தில் அந்த அகற்றும் வேலைதான் நடக்கவில்லை. பழுதெல்லாம் உள்ளேயே குவிந்து இதயம் தளர்ந்துகொண்டே வந்தது. அவன் சம்மதத்தோடு ரத்தம் எடுத்து, அதிலிருந்து ஆய்வகத்தில் இதயச் செல்களை வளர்த்திருந்தார்கள். எலிகளைத் தேற்றிய மருந்தை அவற்றில் சோதிக்கப் போவதாக அவள்தான் ஆசை காட்டியிருந்தாள்.

"அந்த மருந்து என்னாச்சு?" என்றான்.

"எலிக்குக் கேட்டுச்சுண்ணே. உன் செல்லுக்குக் கேக்கல."

அவன் தேயிலைச் சரிவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இதச் சொல்லப் பயந்துதான் மூணு மாசமா போன் எடுக்கலியா?"

அவள் நாற்காலியருகே தரையில் உட்கார்ந்தாள்.

"மருந்து கேக்காட்டி போகுது. நீ பேசியிருக்கலாம் சுகு."

பதினெட்டு நாளில், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், மலைப்பாதையில் குஞ்சப்பனை தாண்டுவதற்குள் அவன் உயிர் பிரிந்தது.

காரியம் முடிந்த மறுநாள், அம்மா தெய்வம்மா சுகுணாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் ரத்தத்துல செஞ்சீங்களே, அது இன்னும் துடிக்குதா புள்ள?"

"துடிக்குதும்மா."

"காட்டு."

சுகுணா செல்போனில் வீடியோவைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு சுருங்கி விரிந்தது. அம்மா கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

"அதுக்கு வலிக்குமா?"

"இல்லம்மா." அவள் தயங்கினாள். "வேற மருந்து ஒண்ணு ஊத்தி வச்சிருக்கோம். கேட்டுச்சான்னு பாக்கணும்னா அந்தச் செல்லுங்களக் கொன்னாத்தான் முடியும். திங்கக்கிழமை."

அம்மாவின் விரல் திரை மேலேயே இருந்தது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாம் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்."

"அப்ப செய்யி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அழுதாள்.

திங்கட்கிழமை, ஆய்வகத் தோழி கெஸியா, "நான் செய்யட்டுமா?" என்று கேட்டாள். சுகுணா வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, அண்ணனின் செல்கள் இருந்த தட்டில் அவற்றைக் கொல்லும் திரவத்தை ஊற்றி நுண்ணோக்கியில் குனிந்தாள். துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோனது. அவள் கண்ணை எடுக்கவில்லை. கெஸியா ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.