பூசைக்குத் துடைத்த பெட்டி

அலோர் காஜாவுல எங்க லோரி கம்பெனி. பேருக்கு நான் ஸ்டோர் கிளார்க். ஆனா கம்ப்யூட்டர், பிரிண்டர், வைஃபை எது படுத்தாலும் இந்தச் சுகுமாரனைத்தான் கூப்பிடுவாங்க. நான் தொட்டா எந்த மெஷினும் எழுந்திருச்சிடும்னு எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிர்தான் ஒரு பொண்ணோட வேலையைத் தின்னுச்சு.

அந்தப் பொண்ணு திலகா, ஆபிஸ்ல புதுசா சேர்ந்தவ. பக்கத்து ஊரு புலாவ் செபாங்லேருந்து தினமும் பஸ்ல வருவா. மூணு மாசம் பார்த்துட்டு நிரந்தரமாக்குறேன்னு பாஸ் கணேசமூர்த்தி சொல்லியிருந்தார். ரெண்டு மாசம் முடிஞ்சிருந்துச்சு. வீட்டுல அவ சம்பளம் ஒண்ணுதான். மதியம் சாப்பிடுற நேரத்துல போன்ல கணக்கு கிளாஸ் பார்க்கலாமா அண்ணேன்னு என்கிட்டதான் கேட்டா. பெரிய மனுசனாட்டம் வைஃபை பாஸ்வர்டை நானே அடிச்சுக் கொடுத்தேன்.

ஆயுத பூசை வந்துச்சு. லோரிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கும்போது ஆபிஸ் மெஷினை மட்டும் விடுவோமா? எல்லாத்தையும் கழட்டித் துடைச்சது நான்தான். பிரிண்டருக்குப் பின்னால எல்லா கேபிளும் வந்து சேர்ற பெட்டி ஒண்ணு இருக்கு. அதையும் தூசி தட்டிப் பொட்டு வச்சேன். தொங்கிக்கிட்டிருந்த ஒயரையெல்லாம் காலியா இருந்த ஓட்டையில அழகா சொருகிவிட்டேன்.

லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வந்தா இன்டர்நெட் லைன் செத்துக் கிடக்கு. ஈமெயில் ஊர்ந்துச்சு, பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுச்சு. டெலிவரி ஆர்டர் வராம டிரைவருங்க கவுண்டர்ல நின்னு முணுமுணுத்தாங்க. பாஸ் பத்து நிமிசத்துக்கு ஒருதரம் வந்து என்னாச்சு லா, என்னாச்சு லான்னு உயிரை எடுத்தார். ரௌட்டர் சுவிட்சை அடைச்சுத் திறந்தேன், கம்ப்யூட்டர்ல பிரிண்டரை அழிச்சுத் திரும்ப ஏத்தினேன். லைன்காரனுக்குப் போன் போட்டா, எங்க பக்கம் எல்லாம் ஓகேன்னுட்டான்.

செவ்வாய்க்கிழமை எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. யார் எவ்வளவு லைன் இழுக்குறாங்கன்னு ரௌட்டர்ல திறந்து பார்த்தேன். அந்த மாசக் கணக்குல மேலேயே நின்னுச்சு திலகா போன். நேரா பாஸ் ரூமுக்குப் போய், அந்தப் பொண்ணு தினமும் வீடியோ பார்க்குது, அதான் லைன் போகுதுன்னு சொல்லிட்டேன். பாஸ்வர்டு கொடுத்தது நான்னு மட்டும் சொல்லல.

அவர் ஒரு வார்த்தை விசாரிக்கல. நாளையிலேருந்து வரவேணாம்னுட்டார். அவ என் மேசைக்கு வந்தா.

"அண்ணே, உங்ககிட்ட கேட்டுட்டுதானே பார்த்தேன். நீங்க சொல்லுங்களேன்."

ஒயர் பார்க்குற மாதிரி நான் மேசைக்கு அடியில குனிஞ்சுக்கிட்டேன். அவ செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுச்சு, அப்புறம் போயிடுச்சு.

மறுநாள் காலையில அவ இல்ல. லைனும் அதே லட்சணத்துல இருந்துச்சு. பிரிண்டரை நகர்த்தி ஒவ்வொரு கேபிளா கையால தடவிக்கிட்டே போனேன். ஒரு நீலக் கேபிள் அந்தப் பெட்டியிலேருந்து கிளம்பி, மேசையைச் சுத்திக்கிட்டுத் திரும்ப அதே பெட்டிக்குள்ளேயே போகுது. ரெண்டு முனையும் ஒரே பெட்டியில. போறதெல்லாம் வெளியே போகாம உள்ளேயே சுத்தோ சுத்துன்னு சுத்தியிருக்கு. அந்த ஓட்டைக்குப் பக்கத்துல காஞ்ச சந்தனத்துல என் விரல் ரேகை.

ஒரு முனையைப் பிடுங்கினேன். மூணு நாளா வராம கிடந்த டெலிவரி ஆர்டரையெல்லாம் பிரிண்டர் கொட்டிக்கிட்டே இருந்துச்சு. சத்தம் கேட்டு பாஸ் வந்தார்.

"பார்த்தியா சுகு, ஒரு ஆள் போனதும் லைன் எப்படிப் பறக்குது."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆமா பாஸ்னு வந்துச்சு. சீ, நானெல்லாம் ஒரு மனுசன்.

போன வாரம் பாயா ரும்புட்ல ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். கல்லாவுல திலகா. திட்டுவான்னு நின்னேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பிரிண்டர் இப்ப ஓகேவா அண்ணேன்னு கேட்டா. ஓகேம்மான்னேன். கிளாஸ் எப்படிப் போகுதுன்னு கேட்டதுக்கு, நிறுத்திட்டேன்னா.

"நான் போன மறுநாளே லைன் சரியாயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். சத்தியமா என் ஒரு போனால அவ்வளவு கெடும்னு தெரியாது அண்ணே. பாஸ்கிட்ட எனக்காக ஒரு சாரி சொல்லிடுங்க."

பின்னால ஆளுங்க சாமானோட நின்னாங்க. மீதிச் சில்லறையை வாங்கிக்கிட்டேன்.

"சரிம்மா, சொல்லிடுறேன்."