மைனஸ் ஒன்று

ஒன்று வந்தால் அசல் கையெழுத்து, பூச்சியம் வந்தால் போலிக் கையெழுத்து, மைனஸ் ஒன்று வந்தால்... மைனஸ் ஒன்று வந்தால் என்னால் பார்க்கவே முடியவில்லை என்று அர்த்தம், இது பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், அப்புறம் எப்படி நாலு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கை அப்படி எழுதியது, பூச்சியம் இல்லையென்றால் உள்ளே விடு என்று... மாரிசெல்வம் திரையில் அந்த வரியைப் பார்த்தான். நேற்று சாயங்காலத்திலிருந்து எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. வரிக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயர் சின்ன எழுத்தில், தேதியோடு இருந்தது, மாரிசெல்வம். அந்தக் கம்பெனியில் வேறொரு மாரிசெல்வம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், இல்லை, இவன் ஒருத்தன்தான்.

திரையின் இன்னொரு மூலையில் பதினோரு மணி மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து டீம் லீடர் கார்த்திக்ராஜ், மார்க்கையன்கோட்டையில் தன் வீட்டிலிருந்து ஞானசெல்வி, உத்தமபாளையத்தில் தன் மாடி அறையிலிருந்து இவன், மூன்றே முகங்கள், அதில் இவன் முகத்துக்குக் கீழே மட்டும் மைக்கை அடைத்த சிவப்புக் குறி. ரோட்டில் பஸ் ஹாரன் தாங்கவில்லை சார், அதனால்தான் அடைத்தேன் என்று யாரும் கேட்காத கேள்விக்கு மனசுக்குள் ஒரு பதில் தயாராக உட்கார்ந்திருந்தது. விஷயம் சின்னதில்லை. இவர்கள் கம்பெனி எழுதுவது ஒரு சங்கேத லைப்ரரி, வந்த கையெழுத்து அசலா போலியா என்று இயந்திரத்துக்குச் சொல்லும் நிரல். அதை நம்பித்தான் வடக்கே ஒரு மின்மீட்டர் கம்பெனி தன் மீட்டர்களுக்குள் புது நிரல் ஏற்றுகிறது, கையெழுத்து சரியாக இருந்தால்தான் மீட்டர் வாயைத் திறக்க வேண்டும். போன வாரம் அவர்கள் ஆள் ஒருவர் சோதனைக்கென்று பாதி சிதைந்த கையெழுத்தோடு ஒன்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார், மீட்டர் மறுபேச்சில்லாமல் முழுங்கிவிட்டது. நல்லவேளை, சோதனை மேஜையில் நடந்தது, எவர் வீட்டுச் சுவரிலும் இல்லை. காரணம் என்ன என்று எழுத்தில் வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் வேண்டும் என்கிறார்கள்.

காரணம் தெரிந்துவிட்டது என்றுதான் கார்த்திக்ராஜ் நினைத்துக்கொண்டிருந்தார். போன மாசம் வரைக்கும் இப்படி ஆகலையே ஞானசெல்வி, நீங்க கை வச்சதுக்கப்புறம்தானே ஆச்சு, என்று நாலாவது தடவையாகக் கேட்டார். அவள் குரல் உயரவில்லை. “மாத்துனது நாந்தான் சார். முன்னாடி பாக்க முடியலைன்னாலும் போலின்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. பாக்க முடியலைன்னா பாக்க முடியலைன்னு சொல்லட்டுமேன்னுதான் மைனஸ் ஒண்ணு ஆக்குனேன்.” சரியாகத்தானே சொல்கிறாள், லைப்ரரி இத்தனை வருஷம் சொல்லாத உண்மையைச் சொல்ல வைத்தாள், அந்த உண்மை இவன் போட்ட கதவு வழியாக உள்ளே போய்விட்டது, பூச்சியம் இல்லையே, அப்ப விடு... அவள் மாற்றத்தைப் படித்துவிட்டு அருமை என்று எழுதி, கட்டைவிரல் படம் போட்டு அனுமதி கொடுத்ததும் இவனேதான். எர்ரரை முழுங்காதீர்கள் என்று மதுரையில் மேடை போட்டு முக்கால் மணி நேரம் பேசினவன், கம்பெனியில் இவனுக்கு எர்ரர் செல்வம் என்றே பெயர், புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சின் வீடியோவைத்தான் முதல் நாள் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தப் பேச்சுக்குக் கைதட்டு வாங்கிய வருஷமும் இந்த வரியை எழுதிய வருஷமும் ஒன்றுதான். எழுதும்போது தெரியாமலில்லை, மைனஸ் ஒன்று வரலாம் என்று கையேட்டில் படித்தது ஞாபகம் இருக்கிறது, அது எங்கே வரப்போகிறது என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு வீரபாண்டித் திருவிழா, கீழே எல்லோரும் கிளம்பி வேனில் ஏறிவிட்டார்கள்.

ஞானசெல்விக்கு இந்த மாசக் கடைசியோடு ப்ரொபேஷன் முடிகிறது. காலேஜில் இவனுக்கு மூன்று வருஷம் பின்னால் படித்தவள், கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று ஏழு வருஷம் கம்ப்யூட்டரையே தொடாமல் இருந்துவிட்டு, இவன் சொல்லித்தான் திரும்பி வந்தாள். அவள் மாமியார் கஸ்தூரியம்மாள் இவன் முன்னாலேயே சொன்னார், போகட்டும், எத்தன நாளைக்குன்னு பாப்பமே, என்று. அதில் ஒரு சிரிப்பு வேறு. இப்போது அறிக்கையில் அவள் மாற்றம்தான் காரணம் என்று போனால் முதல் தேதி அவள் அந்தச் சிரிப்புக்கு எதிரே அடுப்படியில் நிற்க வேண்டும். பொத்தானை அமுக்கு, அமுக்கிச் சொல், அந்த வரி என்னுடையது சார், நாலே சொல்... விரல் மேஜையில்தான் இருந்தது. இப்ப வேண்டாம், அவர் பேசி முடிக்கட்டும், குறுக்கே விழுந்து பேசுவது மரியாதையாக இருக்காது. மரியாதை! வேறு எதற்காவது இவன் இவ்வளவு மரியாதை பார்த்திருக்கிறானா.

“ஏங்க, தொட்டி நெறஞ்சிருச்சான்னு பாத்தீகளா?” என்று கீழேயிருந்து வேல்விழி சத்தம் கொடுத்தாள். பாத்தேன், இன்னும் நெறையல, என்று இவன் வாய் பதில் சொன்னது. கட்டிக்கொண்டு வந்த பன்னிரண்டு வருஷமாக மனைவிக்கு இவன் பதில் சொல்கிற லட்சணம் இதுதான். தொட்டி இவன் தலைக்கு மேலேதான் இருக்கிறது, எட்டுப் படி ஏறினால் தெரியும், ஏறவில்லை. இரண்டு நிமிஷத்தில் ஜன்னலை ஒட்டித் தண்ணீர் கொட்டியது, கீழே காயப்போட்டிருந்த துணியெல்லாம் நனைந்தது, மோட்டாரை அணைத்துவிட்டு வேல்விழி மூச்சு வாங்க மேலே வந்தாள். திரையில் ஆட்கள் இருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள், கோபத்தைத் தாழ்த்தவில்லை. “பாக்கலைன்னு சொல்லியிருந்தா நானே ஏறிப் பாத்திருப்பேன்ல. பாத்தேன்னு சொல்லிப்புட்டு உக்காந்திருக்கீக.” அவள் இறங்கிப் போகும் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது.

மீட்டிங் அதற்குள் வேறிடத்துக்குப் போயிருந்தது. மீட்டர் பக்கம் நம்ம பழைய புரோகிராம் ஒண்ணு இருக்கே, பதிலை வாங்கி முடிவு பண்ற இடம், அது யார் எழுதினது, பாத்தீங்களா, என்று கார்த்திக்ராஜ் கேட்டுக்கொண்டிருந்தார். ஞானசெல்வி கொஞ்சம் குனிந்தாள், நெற்றி மட்டும் தெரிந்தது. “அது இன்னும் பாக்கலை சார்.” அப்பாடா என்று இருந்தது, வெட்கமில்லாமல் அப்பாடா என்று இருந்தது, உடனே அடுத்த அடி விழுந்தது. சரி விடுங்க, நேரமில்லை, நான் எழுதின அறிக்கையை செல்வம் ஒரு தடவை பாத்து ஓகே போடட்டும், எர்ரர் விஷயத்துல அவரைவிட யாரு, அவர் போட்டா நான் அனுப்பிடுறேன்... என்ன செல்வம்? இப்போது பொத்தானை அமுக்கத்தான் வேண்டியிருந்தது. அமுக்கினான், சிவப்புக் குறி போனது, வாய் திறந்தது. பாக்குறேன் சார், என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடைத்துக்கொண்டான்.

பதினொன்று நாற்பது. அறிக்கை ஒரே பக்கம். காரணம் என்கிற தலைப்புக்குக் கீழே ஞானசெல்வியின் பெயர், அவள் மாற்றம் செய்த தேதி, அனுபவக் குறைவு என்று ஒரு வார்த்தை. பொய் என்று ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது, அவள் மாற்றிய பிறகுதான் நடந்தது, உண்மைதானே... கீழே ஓகே என்று எழுத ஒரு கட்டம். அது காலியாக இருந்தது. எழுதலாம், எழுதிவிட்டு அடுத்த வாரம் சத்தமில்லாமல் அந்த வரியைத் திருத்திவிடலாம், அவளுக்கு வேறு கம்பெனியில் சொல்லி வைக்கலாம், நல்ல திறமைக்காரி, கிடைக்காமலா போகும்... இவன் எப்போது இப்படிப்பட்ட ஆளானான், இல்லை, எப்போதுமே இப்படித்தானா, இதுவரை யாரும் பார்க்கவில்லையா. கைபேசி அடித்தது. ஞானசெல்வி.

எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தான். அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், என்றாள், அழுகையோ கோபமோ குரலில் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “அந்தப் பழைய வரிய நான் முந்தாநாளே பாத்துட்டேண்ணே. எழுதுன பேரையும் பாத்தேன். சார்ட்ட பாக்கலைன்னது பொய்.” இவன் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். “நாலு வருசத்துக்கு முன்னாடி எழுதுனது, யாருக்கும் வர்ற தப்புதான், அத நான் கேக்கல. மீட்டிங்ல நீங்க பேசாம இருந்தீகல்ல... அப்ப நீங்க அதப் பாத்திருந்தீகளா, பாக்கலையா? அது மட்டும் சொல்லுங்க. பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லுங்கண்ணே, நான் நம்பிக்கிறேன்.”

பாக்கலை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதிலே ஒரு குறையுமில்லை, பாக்கலை செல்வி, இந்தா இப்பவே பாக்குறேன் என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்துக் கண்டுபிடித்தவன் போலக் கார்த்திக்ராஜைக் கூப்பிட்டு, சார், தப்பு என்னுடையது, அவள் மேலே ஒன்றுமில்லை என்று சொன்னால் அவள் வேலை தப்பிக்கும், இவன் பெயரும் தப்பிக்கும், சொந்தத் தப்பையே பிடித்துச் சொன்னார் பார் எர்ரர் செல்வம் என்று அதற்கும் கைதட்டுவார்கள், யாருக்கு என்ன நஷ்டம்... அவள் நம்பிக்கொள்கிறேன் என்கிறாள். சோதித்துப் பார்க்கப் போவதில்லை, எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளப் போகிறாள். “பாத்தேன் செல்வி,” என்றான். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. “நேத்து சாயங்காலமே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் பேசாம உக்காந்திருந்தேன்.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. செல்வி என்றான், பதிலில்லை. சிக்னல் போயிருக்கும், இந்த மாடியில் அடிக்கடி போகும், ரோட்டில் அந்த நேரம் பார்த்து லாரி ஒன்று போனது, ஒருவேளை அவள் காதில் விழுந்திருக்காது, விழவில்லை என்றால் இன்னொரு தடவை இதே வாயால் இதையே சொல்வானா, சொல்ல வருமா... காதிலிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்தான். அழைப்பு துண்டிக்கப்படவில்லை, மூன்று நிமிஷம் ஐம்பது நொடி, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அம்மா அம்மா என்று கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது, ஞானசெல்வி அதற்கும் பதில் சொல்லவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று, சொல்லி முடித்த பிறகும் தான் ஆசைப்பட்டது அப்போதுதான் இவனுக்கு உறைத்தது.