ஆறாம் நம்பர் நரி

டாக்டர் வெங்கடரமணனுக்கு வாய் இருந்த அளவுக்கு மூளையும் இருந்திருந்தால், திருப்பதி மலையடிவாரத்து அலிபிரி நரிகளுக்கு இந்த ஆபத்து வந்திருக்காது. அவருக்குக் கீழே வேலை பார்த்த லோயிஸ் அப்படித்தான் நினைத்தாள். நினைக்கும்போதுகூட ‘சார்’ போட்டே நினைத்தாள், அது ஒன்றுதான் அவள் கொடுத்த மரியாதை.

ஆராய்ச்சி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மலையடிவாரத்து நரிகளுக்கும் காட்டுக்குள் திரியும் செந்நாய்களுக்கும் கழுத்தில் ஆளுக்கொரு பட்டை. இரண்டு பட்டைகள் கிட்டத்தில் வந்தால், எது எதை எப்போது சந்தித்தது என்று தாமே பதிந்துகொள்ளும். நரியிடமிருந்து செந்நாய்க்கு நோய் தொற்ற வழி உண்டா என்று அதில் தெரிந்துவிடும். பட்டைமேல் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்தால்தான் அது வேலை செய்யும்.

அந்தக் காந்தத்தில்தான் வந்தது வினை. புது வண்டி வாங்கினவன் காணிப்பாக்கத்துக்கு ஓடுவதுபோல, சார் அத்தனை பட்டைகளையும் ஒரே பையில் அள்ளிக்கொண்டு பிள்ளையாரிடம் போனார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லோயிஸ் சித்தூரில் சர்ச்சில் இருந்தாள். தூங்குகிற பொருளுக்குப் பூஜை போட்டால் பலிக்காதாம்! காந்தங்களை எடுத்துவிட்டு, திரும்பி வந்த பிறகு ஒட்டவைத்திருக்கிறார். அன்றைக்கு முழுக்கப் பட்டைகள் பைக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, சந்திப்பு சந்திப்பாகப் பதிந்து தள்ளின. அதற்கு அப்புறம்தான் விலங்குகளுக்கே மாட்டினார்கள்.

மாதங்கள் கழித்துப் பட்டைகள் திரும்பி வந்தன. பதிவுகளைப் பார்த்த லோயிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“சார், நரியும் செந்நாயும் பக்கத்துல வந்தது அந்த ஒரு ஞாயித்துக்கெழம மட்டும்தான். அன்னிக்கு இதெல்லாம் உங்க பையில இருந்துச்சி.”

“நக்க தோக தொக்கின மாதிரி டேட்டா கொட்டிக் கெடக்குது, நீ தேதியப் புடிச்சிக்கினு தொங்கறியே!” என்றார். நரி வாலை மிதித்தவனுக்கு அதிர்ஷ்டம் என்பது தெலுங்குக்காரர் பேச்சு. தேதிகளை எடுத்துவிடச் சொன்னார், லோயிஸ் மறுத்ததும் அவரே நீக்கினார்.

நரிகளால் செந்நாய்களுக்கு ஆபத்து என்று அவர் எழுதிய அறிக்கையில் வனத்துறை மேலதிகாரி யமுனா கையெழுத்துப் போட்டால், அடிவாரத்து நரிகளையெல்லாம் பிடித்துக் கூண்டில் அடைத்துவிடுவார்கள். பாறை இடுக்கில் ஒரு பெண் நரி குட்டி போட்டிருந்ததை லோயிஸ் பார்த்திருந்தாள். படித்த முட்டாள் ஒருவனின் வீம்புக்கு அந்தக் குட்டிகள் பாலில்லாமல் சாகவேண்டுமா?

கூட்டத்தில் சார் குரலை உயர்த்தினார். “ரொம்ப டேஞ்சர் ஆறாம் நம்பர் நரிதான் மேடம். ஒரு செந்நாய விடல, எல்லாத்தோடயும் ஒட்டிக்கினு திரிஞ்சிருக்குது. மொதல்ல அதப் புடிக்கணும்.”

யமுனா பேனாவைத் திறந்தார். “அது எங்க இருக்கும்?”

ஆறாம் பட்டைக்குக் கொக்கி உடைந்துபோயிருந்தது. எந்த நரிக்கும் அதை மாட்டவேயில்லை. ரேணிகுண்டா பட்டறையில் கொடுப்பதற்காக லோயிஸ்தான் வைத்திருந்தாள். தன் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு, சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்த அந்தப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இங்கதான் இருக்குது மேடம். காட்டுக்கே போகல. காணிப்பாக்கத்துக்கு மட்டும்தான் போச்சி.”

யமுனா குங்குமத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். பேனாவை மூடி, கையெழுத்தில்லாத அறிக்கையை அவர் பக்கம் தள்ளினார்.

வெங்கடரமணன் பட்டையைத் தூக்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

“சாமிகிட்ட வெச்சதப் போயி டிபன் பாக்ஸோட போட்டு வெச்சிக்கினு இருக்கியேம்மா!”