ஏற்கெனவே வந்தவர்

நாலாயிரம் ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் பதினோரு வருடம் சேர்த்துவைத்த அறிவு ஒரு பழைய காரின் விலைக்குப் போனது. விற்றவருக்குப் பேரம் பேசத் தெரிந்திருந்தால் இன்னொரு டயராவது கூட வந்திருக்கும். விற்ற எட்டாம் நாளிலிருந்து அவர் எந்தக் கடைக்குப் போனாலும், அங்கே ஏற்கெனவே வந்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த அறிவு சேர்ந்திருந்த இணையக் குழுவைத் தொடங்கியது அவர்தான். அதை உருப்படியாக்கியது அவருடைய அண்ணி. உதிரிபாகக் கடையின் கவுண்டரில் ஒரு கையால் தெர்மோஸ்டாட் எடுத்துக் கொடுத்தபடி மறுகையால் குழுவை ஒழுங்கு செய்வாள். கேஸ் நிரப்பியும் குளிரவில்லை என்ற ஒரே புலம்பலை முந்நூறு பேர் முந்நூறு விதமாகப் புலம்புவார்கள். அண்ணி நல்ல பதிலை வைத்துக்கொண்டு, கண்டுபிடித்தவர் பெயரை மேலே எழுதி, மற்றதையெல்லாம் 'ஏற்கெனவே வந்தது, முந்தையதைப் பார்க்கவும்' என்று முத்திரை குத்தி மூடிவிடுவாள். மூடியதைத் திறக்க ஒரே வழி, முந்தையதிலிருந்து இது எப்படி வேறு என்று மனு எழுதுவது. காரணம் சரியாக இருந்தால் எதிரிக்கும் திறந்துவிடுவாள்.

கொழுந்தன் குழுவை விற்ற அன்று, முகப்பில் 'தொகுத்தவர்' என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டு, மற்ற பெயர்களை மொத்தமாகத் துடைத்தார். மெக்கானிக்குகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே படிக்கக் காசு கட்டினார்கள்.

"தம்பி, என் பேரு எங்க?"

"அடுக்கி வச்சது நீங்கதான் அண்ணி, இல்லங்கல. அலமாரி என்னோடதுதானே?"

அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை சரியாக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். அவள் கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம், டீ கொடுத்தால் ஆள் தொலைந்தான் என்பது அவருடைய இருபது வருட அனுபவம்.

அண்ணியின் உரிமைகளையெல்லாம் பறித்த கொழுந்தன், அந்த முத்திரையை மட்டும் மறந்திருந்தார். அதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. ஒரு வாரம் பொறுத்து அண்ணி அவருடைய உறுப்பினர் பக்கத்தைத் திறந்து, 'ஏற்கெனவே வந்தது' என்று குத்தினாள். முந்தையது எது என்று திரை கேட்டது. தன் கணவரின் பெயரைக் கொடுத்தாள்.

மறுநாள் முடிவெட்டுபவர், "இப்பத்தானே வெட்டிட்டுப் போனீங்க?" என்று கொழுந்தனைத் திருப்பி அனுப்பினார், தன் உதிரிபாகக் கடையில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்குக் காதோரம் முடி குறைந்தது. வங்கியில், நீங்கள் வந்த வேலை அப்போதே முடிந்துவிட்டதே என்றார்கள். வீட்டில் மனைவி, "இப்பத்தான சாப்பிட்டீங்க, மறுபடியுமா?" என்றாள், அடுத்த தெருவில் அண்ணன் ஏப்பம் விட்டார். தானே அள்ளிப் போட்டுக்கொண்டால்தான் கொழுந்தனுக்குச் சோறு. இரண்டாம் வருடம் அவர் மகளின் கல்யாணத்தில், "அப்பா ஏற்கெனவே நின்னுட்டாரு, நீங்க கொஞ்சம் தள்ளுங்க" என்றார் ஃபோட்டோ எடுத்தவர். படத்தில் மகள் தோளில் கைபோட்டு, தொப்பையும் வழுக்கையுமாக நிற்பவர் பெரியப்பா. அன்று மட்டும் கொழுந்தன் மண்டபத்துக்குப் பின்னால் போய் அழுதார். பார்த்த இரண்டு பேரும், இவர் முன்பே அழுதாயிற்றே என்று நகர்ந்துவிட்டார்கள்.

"போதும், விட்டுடு. எனக்கு ஒரு சட்டையும் பத்தல" என்றார் கணவர்.

"நானா புடிச்சு வச்சிருக்கேன்? மனு எழுதச் சொல்லுங்க."

கொழுந்தன் எழுதினார். ஒவ்வொன்றையும் அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு நியாயமாகத்தான் படித்தாள். நான் உழைத்துச் சம்பாதித்தவன் என்றிருந்தது. அது முந்தையதில், அதாவது அண்ணனிடம், ஏற்கெனவே இருக்கிறது என்று தள்ளினாள். நான் யாரையும் ஏமாற்றியதில்லை என்றிருந்தது. அதுவும் முந்தையதில் இருந்தது. வருடங்கள் போயின. கடைக்காரர்கள் பழகிக்கொண்டார்கள், கொழுந்தனுக்கு வேண்டியதை அண்ணனிடமே கொடுத்தனுப்பினார்கள்.

ஆறாம் வருடம் இரண்டே வரியில் ஒரு மனு வந்தது. 'அண்ணி செய்த வேலையை என் பெயரில் விற்றேன். அண்ணன் செய்திருக்க மாட்டார்.'

அண்ணி முந்தையதோடு வரிவரியாக ஒப்பிட்டாள். இப்படியொன்று அங்கே இல்லை. தள்ளுவதற்கு விதியில் இடமில்லை. எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்றும் விதியில் இல்லை. விதியை எழுதியவள் அவள். அடுப்பில் டீயை வைத்துவிட்டு வந்து, பதிவேட்டைச் சரிசெய்தாள்: வந்த மனுக்கள் நூற்றுப் பதினான்கு, தள்ளியவை நூற்றுப் பதிமூன்று, பரிசீலனையில் ஒன்று.